சாயங்காலத் தண்ணீர்

யாராவது ரோஜாச் செடிக்குச் சாயங்காலத்தில் தலையோடு தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வாய் சும்மா இருக்காது. இப்போது மலாக்காவில், ஆயர் குரோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் வேலை முடிந்து வந்து, பொழுது சாய்ந்த பிறகு ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தன் ரோஜாக்களைக் குளிப்பாட்டுகிறாள். ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு வேலியோரம் போய் நின்று, "வேருக்கு ஊத்தும்மா, அதையும் காலையில ஊத்து. ராத்திரி முழுக்க எலை ஈரமா நின்னா கரும்புள்ளி வந்துடும்" என்றேன். "சரி தாத்தா" என்று சிரித்தாள். குழாயை நிறுத்தவில்லை. மகன் வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், அடுத்தவர் செடியில் உங்களுக்கு என்னப்பா வேலை என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரத்துத் தண்ணீர் ஒரு செடியை என்ன பாடு படுத்தும் என்று நான் கண்ணால் பார்த்தவன். என்னை அப்படி ஊற்றச் சொன்னவள் அவனுடைய அம்மா. அவள் இப்போது இல்லை.

மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு முந்தைய வருஷம் அது. எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பஸ் பட்டறையில் எஞ்சின் வேலை. பிறந்தது புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரத்தை நாங்கள் பால்மரம் என்றுதான் சொல்வோம். அவள் அப்படியில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி என்னைக் கட்டிக்கொள்ள வந்தவள். வந்த புதிதில் அவளுக்கு இங்கே தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான். அதையும் நான் நிறையக் காட்டவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் அவளுக்குத் துணை. அந்த அக்கா மலாக்காச் செட்டி வம்சம். நம் சாமிதான், நம் விபூதிதான். பேச்சு மட்டும் மலாய். தமிழில் அக்கா, தம்பி, பூஜை என்று ஏதோ கொஞ்சம் வார்த்தைகள் வரும். என் மனைவிக்கு அப்போது மலாயில் ஒரு வார்த்தை வராது. இருந்தும் இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாள் முழுக்கப் பேசுவார்கள். என்ன பேசினார்கள், எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்காதீர்கள். பெண்களுக்குப் பேசுவதற்கு மொழி ஒரு சாக்கு.

அந்த அக்கா வீட்டில் பன்னீர் ரோஜா வரிசையாக நின்றது. அதிலிருந்து ஒரு குச்சியை வாங்கிவந்து எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், வாழைக்குப் பக்கத்தில் ஊன்றினாள் என் மனைவி. அது பிடித்துக்கொண்டு மளமளவென்று அவள் உயரத்துக்கு வந்துவிட்டது. அது சாய்ந்துவிடாமல் ஒரு கம்பு நட்டு, பழைய மஞ்சள் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை பூத்ததில் பாதி அக்காவுக்கு, கோயிலுக்குக் கொண்டுபோக. மீதி அவள் கொண்டையில். அவள் எப்போது தண்ணீர் ஊற்றினாள், எப்போது கிள்ளினாள் என்றெல்லாம் நான் பார்த்ததே இல்லை. முதல் பஸ் கிளம்புமுன் எஞ்சினைப் பார்த்தாக வேண்டும். விடியுமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

திரும்பி வருவதுதான் தகராறு. பட்டறை விட்டதும் நேரே கள்ளுக்கடை. பிறகு கூட்டாளிகளோடு தெங்கேராக் கடற்கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை. நான் ஒன்றும் குடிகாரன் இல்லை என்று அவளிடம் சொல்வேன். எல்லாக் குடிகாரனும் இதைத்தான் சொல்லுவான் என்று அவள் சொல்லுவாள். அதற்கு மேல் சண்டை போட மாட்டாள். சோற்றை மூடி வைத்துவிட்டு விளக்கடியில் உட்கார்ந்திருப்பாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அப்போதுதான் ஊரிலிருந்து அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. படுத்த படுக்கை, பார்க்க வேறு ஆள் கிடையாது. அவளைக் கப்பலேற்றி அனுப்புவது என்று முடிவாயிற்று. கிளம்புகிற அன்று பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகு என்னைப் பின்பக்கத்துக்குக் கூப்பிட்டாள்.

"இந்தச் செடிய உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். தெனமும் சாயங்காலம் தண்ணி ஊத்தணும். வெளக்கு வெக்கிற நேரத்துக்குச் சரியா ஊத்தணும்."

"காலையில ஊத்திட்டுப் போயிடுறேனே. எனக்கு அதுதான் வசதி."

"காலையில வேணாம். சாயங்காலந்தான்."

"அப்ப பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டுப் போ. அவங்களுக்குத்தான் செடியப் பத்தித் தெரியும்."

"அவங்களுக்கு ஆயிரம் வேல. நீங்கதான் ஊத்தணும். எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

கண்ணில் தண்ணீர் நிற்க அவள் கேட்டபோது நான் என்ன செய்வேன். அவள் தலையில் கை வைத்தேன். எண்ணெய் வைத்து வாரிய தலை. அந்தச் சூடு கையில் இருக்கிறது இப்போதும்.

கப்பல் போன பிறகு வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அவள் இருந்தபோது வீட்டுக்கு வராதவன், அவள் இல்லாதபோது அவளைத் தேடி வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். சத்தியம் செய்தாயிற்றே. பட்டறை விட்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவேன், சாமி விளக்கை ஏற்றுவேன், வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவேன். கூட்டாளிகளுக்குப் பொறுக்கவில்லை.

"பொண்டாட்டி ஊருக்குப் போனா அவனவன் மெர்டேக்கான்னு குதிப்பான்லா. நீ என்னடான்னா ரோசாச் செடிக்குத் தாலி கட்டிட்ட மாதிரி ஓடுற."

மெர்டேக்கா என்றால் சுதந்திரம்; அந்த வருஷம் எல்லார் வாயிலும் அதுதான். ஓடத்தான் செய்தேன். அவள் ஊற்றச் சொன்னது தண்ணீர், குளிப்பாட்டச் சொல்லவில்லை. ஆனால் தலைக்கு ஊற்றாமல் அது என்ன குளியல் என்று நான் பாட்டுக்கு உச்சியிலிருந்து வாளி வாளியாகக் கவிழ்த்தேன். அவள் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் அல்லவா, செடியின் தலையிலேயே தீர்த்தேன் போலிருக்கிறது. உதிர்ந்த இலைகளையும் வீணாக்கவில்லை. தோட்டத்தில் பால்மரம் இலை உதிர்த்தால் அதை அள்ளமாட்டார்கள். மரத்துக்கு அது உதிர்த்ததே சோறு என்பார் அப்பா. நானும் இலைகளைக் கூட்டி ரோஜாவின் காலடியிலேயே குவித்தேன். பால்மரம் வளர்த்த பரம்பரைக்கு ரோஜா வளர்க்கத் தெரியாதா என்று ஒரு மிதப்பு.

மழை பிடித்துக்கொண்ட மாதங்களில் அடியிலைகளில் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. சமையலறைக் கரி தெறித்திருக்கும் என்று விரலால் துடைத்தேன். போகவில்லை. புள்ளியின் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. சில நாளில் புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாயிற்று. தொட்டால் கையோடு வந்தது. கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே போயிற்று. நான் என்ன செய்தேன்? பாவம், தாகமாக இருக்கிறது போலும் என்று இன்னொரு வாளி சேர்த்து ஊற்றினேன்.

ஊரிலிருந்து கடுதாசி வந்தது. அம்மா அப்படியேதான் இருக்கிறாள், விட்டுவர மனசில்லை என்று எழுதியிருந்தாள். கடைசியில், சாயங்காலத் தண்ணீரை விடாமல் ஊற்றுகிறீர்களா என்று கேட்டிருந்தாள். ஊற்றுகிறேன், செடி நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். பாதி உண்மை.

அந்தச் சமயத்தில் பட்டறையில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சுதந்திரம் வந்துவிட்டால் சட்டம் மாறும், ஊருக்குப் போனவர்களைத் திரும்ப விட மாட்டார்கள், உள்ளே வரப் பாஸ் கிடைக்காது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எவனுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாதவன் சொல்வதுதான் ராத்திரியில் தூங்கவிடாது. ஒருவன் என் தோளில் தட்டி, "போன பொம்பளைங்க திரும்ப மாட்டாங்கலா. அங்க அம்மா இருக்கு, அண்ணன் தம்பி இருக்கு. இங்க என்னா இருக்கு?" என்றான். இங்கே நான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் இருந்த லட்சணம் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் செடியைப் பார்த்தபோது ஒரு எண்ணம் மனதில் விழுந்தது. இந்தச் செடி பிழைத்தால் அவள் வருவாள், போனால் வரமாட்டாள். அறிவுள்ளவன் நினைக்கிற நினைப்பா அது? எனக்கு அப்போது அறிவு தேவைப்படவில்லை, அவள்தான் தேவைப்பட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து செடிக்கு வந்த நோய் எனக்கே வந்ததுபோல் ஆயிற்று.

வைத்தியத்தை நானே தொடங்கினேன். சின்ன வயதில் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். பால்மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது அதில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். அப்போது விடியற்காலைப் பனியிலேயே மெஷின் வைத்துக் கந்தகப் பொடியை மேலே ஊதுவார்கள். மரமெல்லாம் மஞ்சள் புகை மூடும். மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு நிற்போம். அந்த ஞாபகத்தில் சீனன் கடையில் கந்தகம் வாங்கிவந்தேன். பனியில் போடுவார்கள் என்பது நினைவிருந்தது. ஏன் அந்த நேரத்தில் போடுவார்கள் என்பது நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், பனிக்குப் பதிலாக நானே செடியை நனைத்து, பிடி பிடியாகக் கந்தகத்தை அள்ளி, சாமிக்கு விபூதி அபிஷேகம் செய்வதுபோல் கொட்டினேன். அடுத்த நாள் மிச்சமிருந்த நல்ல இலைகளும் ஓரம் கருகிச் சுருண்டு நின்றன. நோய் தின்றது பாதி, வைத்தியன் தின்றது மீதி.

இந்த நேரத்தில்தான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இடி விழுந்தது.

"தம்பி! சினி!"

இங்கே வா என்று மலாயில் கூப்பிட்டாள் அக்கா. கை நிறையப் புள்ளி விழுந்த இலைகள். தன் செடிகளிலிருந்து பறித்தவை. "சாக்கிட்!" என்று என் செடியைக் காட்டினாள், "சாக்கிட்!" என்று தன் செடிகளைக் காட்டினாள். என் வீட்டுச் சீக்கு அவள் வீட்டுக்கும் போய்விட்டது. மழை தெறித்து, காற்று அடித்து, வேலி தாண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குக் கோயிலுக்குப் பூ இல்லை என்று அவள் போட்ட சத்தத்தில் அவள் கணவர் சன்னலைச் சாத்திக்கொண்டார். முடிவாகச் சொன்னாள்: உன் செடியைப் பிடுங்கி எரித்துவிடு, எல்லாம் சரியான பிறகு நான் வேறு குச்சி தருகிறேன்.

முடியாது என்றேன். ஏன் முடியாது, அதே செடியின் குச்சிதானே, அதே பூதானே பூக்கும் என்றாள். பூ அதே பூதான். ஊன்றிய கை வேறு அல்லவா? இதை மலாயில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் தெரிந்திருக்காது. மஞ்சள் துண்டு கட்டியிருந்த கிளையைப் பிடித்துக்கொண்டு, "இது அவ வெச்சது, அக்கா" என்று மட்டும் சொன்னேன். அதில் அவளுக்கு எத்தனை வார்த்தை புரிந்ததோ, சத்தம் கொஞ்சம் இறங்கியது.

பிறகு விசாரணை நடந்தது. எப்போது தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேட்டாள். சாயங்காலம் என்றேன். எப்படி என்றாள். வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பாகி, தம்பி! பாகி!"

பாகி என்றால் காலை. என் மனைவி ஒரு நாளும் சாயங்காலம் ஊற்றியதில்லையாம். விடிந்ததும் வேரடியில் ஊற்றுவாளாம், இலையில் ஒரு சொட்டுப் படாமல். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அடுப்பில் போடுவாளாம். ஒருமுறை அக்கா பொழுது சாய்ந்து பாத்திரம் கழுவிய தண்ணீரை வேலிப்பக்கம் வீசியபோது, செடி மேலே படுகிறது என்று இவளே சைகை காட்டித் தடுத்தாளாம். சாயங்கால ஈரம் இலையில் காயாது. பூசணத்துக்கு அதுதான் விருந்து.

"ஆனா அவதானே சாயங்காலம் ஊத்தச் சொன்னா" என்றேன்.

அவள் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள், அன்றைக்கு நீ கள்ளுக்கடையிலிருந்து வந்திருப்பாய் என்று அக்கா கையால் குடித்துக் காட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். காலையில் வேண்டாம் என்றுகூடச் சொன்னாளே. ஏன் சொன்னாள்? அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கடுதாசியில் கேட்கவும் முடியாது. கேட்டால் செடி சீக்கானதைச் சொல்ல வேண்டும்.

கடைசியில் அக்கா ஒரு தவணை கொடுத்தாள். போகியன்று அவர்கள் வீட்டில் இறந்துபோன முன்னோருக்கு வாழையிலையில் படைப்பார்கள். செட்டிமார் வீடுகளில் அது பெரிய சடங்கு. அதற்குள் என் செடியில் புள்ளியில்லாத தளிர் வந்தால் இருக்கலாம். இல்லையென்றால் அவளே வந்து பிடுங்குவாள், முன்னோர் சாட்சியாக. அதுவரைக்கும் அவள் சொல்கிறபடி நான் கேட்க வேண்டும்.

முதலில் வெட்டு. செடியை முழங்கால் உயரத்துக்குக் குறைக்கச் சொன்னாள். கறுத்த கிளை எதையும் வைக்கக் கூடாது, கணுவுக்குச் சற்று மேலே சரித்து வெட்ட வேண்டும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் தீயில் காட்டிக்கொண்டேன். சீக்கான கிளையை வெட்டிய கத்தி நல்ல கிளைக்கும் சீக்கைக் கொண்டுபோகும். என் மனைவி உயரம் நின்ற செடி கண்ணெதிரே குட்டையாகிக்கொண்டே வந்தது. மஞ்சள் துண்டு கட்டியிருந்த கிளைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த முடிச்சை அவள் போட்டபோது பல்லால் இழுத்து இறுக்கியிருப்பாள். எதைக் கட்டினாலும் அப்படித்தான் செய்வாள். அக்கா வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். வெட்டினேன்.

வெட்டியதையும் உதிர்ந்ததையும் காலடியில் நான் பத்திரமாகக் குவித்து வைத்திருந்த இலை மக்கையும் மேல்மண்ணோடு சுரண்டி அள்ளி, தகரப் பீப்பாயில் போட்டு எரித்தேன். துணியையும் போடு என்றாள் அக்கா. சீக்கு அதிலும் ஒட்டியிருக்கும். போட மாட்டேன் என்றேன். உள்ளே போய்ப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து அந்தத் துணியை வேகவைத்தேன். சோறுகூட ஒழுங்காக வடிக்கத் தெரியாதவன், ஒரு முழம் சேலையைப் பதமாக வேகவைத்து எடுத்து, சாமி விளக்குக்கு மேலே ஆணியில் உலர்த்தினேன். அது அங்கேயே இருந்தது.

வெயில் படாமல் மறைத்துக்கொண்டிருந்த வாழையில் பாதியை வெட்டிக் காற்றுக்கு வழிவிட்டேன். பிறகு மருந்து. அக்கா "தெருசி" என்றாள். நீலக் கல் போல இருக்கும், நாம் துருசு என்கிறோமே அதுதான். அதைக் கரைத்து, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, இரண்டையும் நீர்க்கச் சேர்க்க வேண்டும். வாளியில் கலக்காதே, மண்பானையில் கலக்கு என்றாள். எஞ்சினையே பிரித்துப் போடுகிறவனுக்கு வாளியைப் பற்றிப் பாடமா என்று பட்டறைத் தகர வாளியிலேயே கலக்கினேன். துருசு வாளியைத் தின்றுவிட்டது. அடியெல்லாம் செம்பு நிறத்தில் படிந்து, சில நாளில் ஒழுக ஆரம்பித்தது. மறுமுறை மண்பானைதான். கொசு மருந்து அடிக்கும் பம்பு ஒன்றைப் பழுது பார்த்து, வெயில் ஏறுமுன் என் செடிக் கட்டைக்கும் அடித்தேன், அக்கா செடிகளுக்கும் அடித்தேன். தளிர் வந்த பிறகு இலையின் மேல்பக்கம் மட்டும் அடித்தால் போதாது, அடிப்பக்கமும் நனைய வேண்டும் என்று அக்கா அதிகாரம் செய்தாள். மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். வந்த சீக்கை அது விரட்டாது, வராமல் காக்கும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. விரட்டியது வெட்டும் தீயும்தான்.

தண்ணீர் இனிக் காலையில். இன்னும் கொஞ்சம் முன்னதாக எழுந்து வேரடியில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன். அப்படியானால் சாயங்காலம் எனக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. கூட்டாளிகள் உடனே மோப்பம் பிடித்துவிட்டார்கள். "அதான் காலையிலே ஊத்திட்டல்லா, வா" என்று ஒருவன் என் சைக்கிளைப் பிடித்தான். கள்ளுக்கடை வரைக்கும் போனேன். வாசலில் நின்று யோசித்தேன். நான் சத்தியம் செய்தது சாயங்காலத் தண்ணீருக்கு. காலைத் தண்ணீர் செடிக்காக. அது சத்தியத்தில் சேராது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். விளக்கேற்றிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய்ச் செடிக்குச் சற்றுத் தள்ளி வெறும் மண்ணில் ஊற்றினேன். செடிக்கும் கெடுதல் இல்லை, சத்தியமும் கெடவில்லை. தினமும் அப்படியே செய்தேன். ஊற்றிவிட்டு அந்தக் கட்டைக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். அங்கே இப்போது பொழுது எப்படி இருக்கும், அவள் சாப்பிட்டிருப்பாளா, என்னை நினைப்பாளா என்று யோசிப்பேன். விளக்கடியில் காத்துக்கொண்டு உட்கார்வது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செடி வெறும் குச்சியாகவே நின்றது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருக்கும். அந்தப் பச்சையை நம்பியே நாளைக் கழித்தேன். போகி நெருங்கும் சமயத்தில் ஒரு காலை, தண்ணீர் ஊற்றக் குனிந்தபோது கணுவில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. எறும்பு என்று நினைத்தேன். எறும்பில்லை. நான் போட்ட கூச்சலில் அக்கா அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்தாள். குனிந்து பார்த்தாள், விரலால் தடவினாள், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினாள். கொண்டையை முடிந்துகொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகியன்று படையல் முடிந்ததும், முன்னோருக்குப் படைத்ததிலிருந்து ஒரு தட்டு நிறைய வேலிக்கு மேலாக வந்தது. எனக்குத் தீர்ப்பு அதுதான்.

அதன் பிறகு ஊரில் என் மனைவியின் அம்மா காலமானார். காரியமெல்லாம் முடித்துக் கிளம்புவதற்கு அவளுக்கு மாதங்கள் பிடித்தன. பாஸுக்கு மனு போட்டு, யார் யாரையோ பார்த்து, நானும் அலைந்தேன். நடுவில் நாடு சுதந்திரம் அடைந்தது. திடலில் எல்லோரும் கையைத் தூக்கி மெர்டேக்கா என்றபோது நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே இந்தச் சுதந்திர நாட்டுக்குள் அவளை விடுவார்களா என்று மனசுக்குள் ஓடியது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விட்டார்கள். கப்பல் வந்தது. பாதியாக இளைத்து இறங்கினாள். வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூட இறக்கவிடவில்லை, பின்பக்கம் போய்விட்டாள். செடி அவள் இடுப்புக்கு வந்திருந்தது, மொட்டுகூட இருந்தது. ஆனால் அவள் விட்டுப்போன செடி அதுவல்ல என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும்.

"என்னங்க இது, என் ஒசரத்துக்கு நின்னது இப்பிடிக் குட்டையாப் போச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளியிலிருந்து வாளி ஓட்டை வரைக்கும். அவள் குந்தி உட்கார்ந்து இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அத்தனை மாதமாகக் குத்திக்கொண்டிருந்த முள்ளைக் கடைசியில் எடுத்தேன்.

"நீ காலையிலதான் ஊத்துவியாம். அக்கா சொன்னாங்க."

"ஆமா."

"பின்ன என்னைய எதுக்குச் சாயங்காலம் ஊத்தச் சொன்ன?"

அவள் திரும்பவில்லை. "காலையில ஊத்தச் சொன்னா ஊத்திட்டு வேலைக்குப் போயிருப்பீங்க. சாயங்காலம் வீட்டுக்கு எதுக்கு வருவீங்க?"

நானும் அவள் பக்கத்தில் குந்தினேன்.

"சாயங்கால ஈரம் ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல? செடி செத்துப்போயிருந்தா?"

"செத்தா அக்காகிட்ட இன்னொரு குச்சி வாங்கி ஊனிக்குவேன்" என்றாள். எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "உங்களுக்கு எங்கிட்டுப் போயி குச்சி வாங்குறது?"

மறுநாளிலிருந்து காலைத் தண்ணீரை அவள் எடுத்துக்கொண்டாள். மஞ்சள் துண்டை ஆணியிலிருந்து எடுத்துப் பழையபடி செடிக்குக் கட்டினாள், பல்லால் இழுத்து இறுக்கி. எனக்குச் சாயங்காலம் வீட்டில் வேலை எதுவும் இல்லாமல் போயிற்று. இருந்தும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவேன். மகன் பிறந்து, அவன் படித்து, நான் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்று, அவள் போகிறவரைக்கும் வந்துகொண்டிருந்தேன்.

காஜா பேராங் வீடு இப்போது இல்லை; வேறு கட்டடம் நிற்கிறது. மகன் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறான். ஆனால் எதிர்வீட்டுப் பெண் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டால் நாற்காலியில் இருப்புக் கொள்வதில்லை. எழுந்து செருப்பைத் தேடுகிறேன். எங்கேப்பா கிளம்பிட்டீங்க என்று கேட்கிறான். வீட்டுக்கு என்கிறேன்.

"இதுதானேப்பா வீடு" என்கிறான் அவன்.